சார்க்கில் நாற்பது வருடம் இருந்தும் ஏன் எட்டிப் பிடிக்கவில்லை?

வந்தாறுமூலையில் பொருளியல் படிக்கும் ஒரு மகள் கேட்ட கேள்வி இது: "சேர், ஏழை நாடுகள் பணக்கார நாடுகளை எட்டிப் பிடிக்கப் பிராந்திய ஒருங்கிணைப்பு முக்கியமா, நிறுவனங்களின் தரம் முக்கியமா? நாங்கள் 1985 இலிருந்து தெற்காசிய நாடுகளின் சங்கமான சார்க்கில் இருக்கிறோம். போலந்து 2004 இல்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். நாங்கள் ஏன் போகவில்லை?"

மகள், "இரண்டும் முக்கியம்" என்று எழுதினால் பரீட்சையில் புள்ளி விழும். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. நான் பார்த்த அளவில், ஒரு நாடு சங்கத்தில் சேர்ந்த திகதியை விட, சேருவதற்காகத் தன் வீட்டுக்குள் எதை மாற்றியது என்பதுதான் அதன் வருமானத்தில் தெரிகிறது. எதையும் மாற்றாமல் சேரக்கூடிய சங்கத்தால் கிடைக்கும் பயனும் அந்தளவுதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் பல்கலைக்கழக ஆள் இல்லை. கல்முனைப் பக்கம் ஒரு வங்கியில் 22 வருடம் கடன் பிரிவில் இருந்தவன். அதனால் என் பேச்சு அடிக்கடி காணிப் பத்திரத்துக்கும் நெல்லுக்கும் திரும்பிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டை வேகமாகக் கடந்துவிடுவோம். பொருளியலாளர் ரொபர்ட் சோலோ 1956 இல் எழுதியதன் சாரம், மூலதனம் குறைவாக உள்ள இடத்தில் ஒவ்வொரு புதிய இயந்திரமும் அதிக பலன் தரும், ஆகவே ஏழை நாடு வேகமாக வளர வேண்டும் என்பது. 1986 இல் வில்லியம் போமல் பணக்கார நாடுகளின் நூறாண்டுக் கணக்கை எடுத்து, ஆம், எல்லாரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள் என்றார். இரண்டு வருடத்தில் பிராட்ஃபோர்ட் டி லோங் அதில் ஓட்டையைக் காட்டினார். ஓட்டம் முடிந்த பிறகு வென்றவர்களை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு, "பாருங்கள், எல்லாரும் ஒன்றாக வந்திருக்கிறார்கள்" என்றால் அது என்ன கணக்கு? பிறகு பாரோ, சலா-இ-மார்ட்டின் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கல்வி, சேமிப்பு, சட்ட ஒழுங்கு போன்றவை ஒத்திருந்தால்தான் எட்டிப் பிடித்தல் நடக்கும், அதுவும் இடைவெளி ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம்தான் குறையும். அந்த வேகத்தில் இடைவெளி பாதியாக 35 வருடம் ஆகும். எல்லாம் சரியாக இருந்தாலே ஒரு தலைமுறைக் காலம் என்பதை மனதில் வையுங்கள்.

அடுத்தது "நிறுவனம்" என்ற சொல். நம் மாணவர்கள் இதைக் கம்பனி என்று எடுத்துக்கொண்டு தடுமாறுகிறார்கள். டக்ளஸ் நோர்த் சொன்ன பொருளில் நிறுவனம் என்பது விளையாட்டின் விதி. சட்டம், வழக்கம், அவற்றை யார் எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்பது எல்லாம் சேர்ந்தது. உங்களுக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெரும்போகம் என்ற மாரி நெற்செய்கை தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் நடக்கிறதல்லவா? உன்னிச்சை, நவகிரி, எந்தக் குளமாக இருந்தாலும் தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, மாடுகளை எப்போது வயலுக்கு வெளியே கொண்டுபோவது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் ஒன்றாக இருந்து முடிவெடுக்கிறார்கள். வாய்ச்சண்டை இல்லாத கூட்டம் கிடையாது. ஆனால் முடிவு எடுத்தபின், வயற்கண்டத்தைப் பார்க்கும் வட்டவிதானை சொன்னால் வட்டைக்குள் கேட்கிறார்கள். அது ஒரு நல்ல நிறுவனம்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2021. அந்த ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்துவதாக அறிவித்தார்கள், மேயில் வர்த்தமானி வந்தது, நவம்பரில் விலக்கினார்கள். வாய்க்கால் திறக்க விவசாயியைக் கேட்கும் நாட்டில், பசளையை நிறுத்த ஒருவரையும் கேட்கவில்லை. 2021/22 பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தை விட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. அம்பாறையில் வேளாண்மை செய்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நிறுவனத் தரம் என்றதும் ஊழலை மட்டும் எல்லாரும் சொல்வார்கள். விதி நாளைக்கும் இதுவாகவே இருக்கும் என்று நம்பிக் காசைப் போட முடிகிறதா என்பது அதே அளவு பெரிய விஷயம்.

சரி, போலந்துக்கு வருவோம். 1990 அளவில் போலந்தும் உக்ரைனும் தலா வருமானத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன. இரண்டும் கம்யூனிச ஆட்சியிலிருந்து வெளியே வந்தவை, பக்கத்துப் பக்கத்து நாடுகள். 2022 போர் தொடங்குமுன்பே போலந்தின் தலா வருமானம் உக்ரைனுடையதை விட இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. "ஐரோப்பிய ஒன்றியம் காசு கொடுத்தது, அதனால்தான்" என்று ஒரு பதில் உண்டு. காசு கொடுத்தது உண்மைதான். ஆனால் கொடுத்ததில் பெரும்பகுதி 2004 க்குப் பிறகு. வேலையின் கடினமான பாதி அதற்கு முன்பே நடந்துவிட்டது. 1993 இல் கோப்பன்ஹேகனில் ஒன்றியம் நிபந்தனை வகுத்தது: நிலையான ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, இயங்கும் சந்தை, ஒன்றியத்தின் சட்டங்களை ஏற்று நடத்தும் திறன். போலந்து 1994 இல் விண்ணப்பித்து, 1998 முதல் 2002 வரை 31 அத்தியாயங்களாகப் பேச்சு நடத்தியது. சுங்கம், போட்டிச் சட்டம், உணவுப் பாதுகாப்பு, அரச கொள்வனவு என்று ஒவ்வொன்றாகத் திறந்து, சட்டத்தை மாற்றி, மாற்றியதைக் காட்டி, மூடினார்கள். அதைப் பார்த்து முதலீட்டாளன் ஒரு முடிவுக்கு வந்தான்: அரசாங்கம் மாறினாலும் இந்த விதி மாறாது, ஏனென்றால் மாற்றினால் உள்ளே போக முடியாது. உக்ரைனுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு வாசல் காட்டப்படவில்லை. சேரும்போது தலா வருமானத்தில் ஒன்றியத்தின் சராசரியில் பாதியளவு இருந்த போலந்து, இன்று ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்ட நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உள்ளே போன பிறகு அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. ஹங்கேரியும் பின்னர் போலந்தும் நீதிமன்றங்களில் கைவைத்தபோது ஒன்றியத்தால் நிதியை நிறுத்திவைக்கவும் அபராதம் விதிக்கவும்தான் முடிந்தது. கலியாணம் முடியும் வரை மாப்பிள்ளை எவ்வளவு அடக்கமாக இருப்பார் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள்.

கிரேக்கம் இன்னும் தெளிவான பாடம். போலந்துக்கு 23 வருடம் முன்பே, 1981 இல் உள்ளே போனது. அப்போது கோப்பன்ஹேகன் நிபந்தனை என்ற ஒன்றே கிடையாது. 2001 இல் யூரோவும் கிடைத்தது. மலிவான வட்டியில் கடன் வந்தது, காசும் புழங்கியது, ஆனால் வரி அறவிடும் திணைக்களமும் புள்ளிவிபரக் கணக்கும் பழையபடியே இருந்தன. 2009 இல் ஆட்சி மாறியபோது, அரசின் வரவுசெலவுப் பற்றாக்குறை சொல்லப்பட்டதைப் போலப் பல மடங்கு என்று தெரிந்தது. திருத்தித் திருத்திக் கடைசியில் மொத்த உற்பத்தியில் 15 சதவீதம் என்று வந்து நின்றது. அடுத்து வந்த வருடங்களில் அந்த நாட்டின் உற்பத்தியில் கால் பங்கு கரைந்துபோனது. ஒருங்கிணைப்பு முழுமையாக இருந்தது, நாணயம் கூட ஒன்றுதான். கடன் பிரிவுக்காரன் என்பதால் என் கண்ணில் பட்ட இன்னொரு விஷயம்: கிரேக்கத்தில் அத்தனை காலமும் நாடு முழுவதற்குமான ஒரு முறையான காணிப் பதிவேடு இருக்கவில்லை. 1990 களின் நடுப்பகுதியில்தான் அந்த வேலையையே தொடங்கினார்கள்.

காணி என்று வந்துவிட்டேன். இனி இங்கே கொஞ்ச நேரம் நிற்பேன்.

நான் வேலையில் இருந்தபோது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒருவர் வருவார். ஐந்து ஏக்கர் வயல், நல்ல விளைச்சல், கடனைத் தவறாமல் கட்டும் மனிதர். சின்னதாக ஒரு அரிசி மில் போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கணக்கெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் பார்வையில் அது ஓடக்கூடிய கணக்குத்தான். கையில் இருந்ததோ பேர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது. அதை அவர் நினைத்தபடி விற்க முடியாது, துண்டாட முடியாது, ஈடு வைப்பதற்கும் ஆயிரம் கட்டுப்பாடு. எங்கள் வங்கி அதைப் பிணையாக ஏற்காது. பயிர்க்கடன் தரலாம், மில்லுக்குக் கடன் தர முடியாது. மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நான்தான் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இதில் இன்னொரு சிக்கல் நம் பக்கத்துக்கே உரியது. மட்டக்களப்பு, அம்பாறையில் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் வீடு வளவு மகளுக்குத்தான் போகும், பல குடும்பங்களில் வயலும் அப்படித்தான். ஆனால் அந்தச் சட்டமோ, பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்துவிட்டால் மகன்மாரை முன்னுக்கு வைத்தது. 2022 இல் திருத்தும் வரை இதுதான் நிலைமை. ஆக, ஊர் வழக்கத்தில் காணி மகளுடையது, பிரதேச செயலகப் புத்தகத்தில் வேறு பெயர். இப்படிப்பட்ட காணியை யார் நம்பி ஈடு எடுப்பான்? சட்டமும் வழக்கமும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கும் இடத்தில் காசு வந்து தங்காது.

சிலர் உடனே, "எல்லாக் காணியையும் தனியாருக்கு எழுதிக் கொடுத்தால் சரி" என்பார்கள். அவர்களுக்காகத்தான் வியட்நாமை எடுத்துவைத்தேன். இலங்கையில் காணியின் பெரும்பகுதி அரசுடையது என்று குறைப்படுகிறோம். வியட்நாமில் முழுக் காணியுமே மக்கள் பெயரில் அரசிடம்தான், இன்றைக்கும். ஆனால் 1988 இல் கூட்டுப்பண்ணைகளைத் தளர்த்தி வயலைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள். அரிசி இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு 1989 இலேயே பெரிய ஏற்றுமதியாளர் ஆனது. 1993 காணிச் சட்டம் அந்தப் பயன்பாட்டு உரிமையை மாற்ற, கைமாற்ற, குத்தகைக்கு விட, முதுசமாகக் கொடுக்க, ஈடு வைக்க அனுமதித்தது. அதற்குரிய சான்றிதழை அங்கே சிவப்புப் புத்தகம் என்கிறார்கள். விவசாயி அதைக் கொண்டுபோய் வங்கியில் வைக்கலாம். என்னிடம் வந்த மனிதரின் கையில் இருந்ததும் அரச காணிக்கான பத்திரம்தான், வியட்நாம்காரனின் கையில் இருப்பதும் அதுதான். ஒன்றை வைத்து மில் போடலாம், மற்றதை வைத்து முடியாது.

இதற்கு மேல்தான் வியட்நாமுக்கு ஒருங்கிணைப்பு வந்தது. 1995 இல் தென்கிழக்காசிய நாடுகளின் சங்கமான ஆசியான், 2001 இல் அமெரிக்காவுடன் வர்த்தக உடன்படிக்கை, 2007 இல் உலக வர்த்தக அமைப்பு. ஒவ்வொரு வாசலிலும் உள்நாட்டுச் சட்டத்தைத் திருத்திக்கொண்டே போனார்கள். 1990 இல் இலங்கையின் தலா வருமானம் வியட்நாமுடையதைப் போல நான்கு மடங்குக்கு மேல். இன்று அவர்கள் நம்மைத் தாண்டிவிட்டார்கள். வியட்நாம் ஒரு கட்சி ஆட்சி, நீதிமன்றம் சுதந்திரமானதல்ல, ஊழலும் இருக்கிறது. சர்வதேசத் தரவரிசைகளை மட்டும் பார்த்தால் இந்தக் கதை விளங்காது. தேர்தல் நடத்துவதில் நாம் மேல், காணிப் பத்திரத்தில் அவர்கள் மேல். ஆய்வுக் கட்டுரை எழுதும்போது நிறுவனத் தரம் என்று ஒரே இலக்கத்தைப் போட்டுக் கணக்குப் பார்க்காதீர்கள். எந்த விதி, யாருக்கு என்று பிரித்துப் பாருங்கள்.

இப்போது சார்க். 1985 இல் டாக்காவில் தொடங்கியபோதே, இருதரப்புச் சர்ச்சைகளைப் பேசுவதில்லை என்று சாசனத்தில் எழுதிவிட்டார்கள். தெற்காசியாவில் இருப்பதே இருதரப்புச் சர்ச்சைதான்! சேர நிபந்தனை இல்லை, சேர்ந்தபின் கேட்பாரும் இல்லை. சுதந்திர வர்த்தகப் பிரதேச உடன்படிக்கை 2006 இல் நடைமுறைக்கு வந்தது, கூடவே ஒவ்வொரு நாட்டுக்கும் விலக்குப் பொருள் பட்டியலும் நீளமாக வந்தது. பிராந்தியத்துக்குள் நடக்கும் வர்த்தகம் மொத்தத்தில் சுமார் 5 சதவீதம், ஆசியானில் 20 சதவீதத்துக்கு மேல். 2014 காத்மண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. ஆகவே "சார்க்கில் இருந்தும் ஏன்" என்ற கேள்வியில் "இருந்தும்" என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

சார்க்கை விடப் பயனுள்ளது இந்தியாவுடன் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். நமது ஏற்றுமதி 2000 இல் 6 கோடி டொலருக்கும் குறைவு, 2005 இல் 50 கோடியைத் தாண்டியது. கேட்க நன்றாக இருக்கிறதா? உள்ளே பாருங்கள். அதில் பெரும்பங்கு வனஸ்பதி என்ற சமையல் கொழுப்பும் செம்பும். இந்தியாவில் பாமாயிலுக்குத் தீர்வை அதிகம், நம்மிடம் குறைவு. ஆகவே இந்திய முதலீட்டாளர்களே இங்கே வந்து, வெளியிலிருந்து பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, தீர்வையில்லாமல் தங்கள் நாட்டுக்கே அனுப்பினார்கள். செம்பும் அதே மாதிரி. உள்நாட்டில் 35 சதவீதப் பெறுமதி சேர்க்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருந்தது. இந்தியா அளவுக் கட்டுப்பாடு போட்டதும் தொழிற்சாலைகள் மூடின. நமக்குச் சொந்தமான தேயிலைக்கு ஆண்டுக்கு 150 இலட்சம் கிலோ, ஆடைக்கு 80 இலட்சம் உருப்படி என்று ஆரம்பத்திலேயே எல்லை. தொழில் கற்றுக்கொள்ளாமல் தீர்வை வித்தியாசத்தில் மட்டும் வாழ்ந்த ஏற்றுமதி, வித்தியாசம் போனதும் போய்விட்டது. பிறகு மிளகிலும் இதே விளையாட்டு நடந்தது: வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக இலங்கை மிளகாக மாறி இந்தியாவுக்குப் போயிற்று. நம் சாமர்த்தியத்துக்குக் குறைவில்லை.

அதே காலத்தில் மறுபக்கமாக நாம் கதவைச் சாத்திக்கொண்டும் இருந்தோம். ஒப்பந்தத்தில் தீர்வையைக் குறைத்துவிட்டு, செஸ் என்ற மேலதிக வரி, துறைமுக விமான நிலைய வரி என்று வேறு பெயர்களில் ஏற்றினோம். பொருள், சேவை இரண்டும் சேர்ந்த ஏற்றுமதி 2000 இல் மொத்த உற்பத்தியில் 40 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தது, 2010 இல் அதில் பாதி. 1977 இல் தெற்காசியாவிலேயே முதலில் கதவைத் திறந்த நாடு நாம்.

வர்த்தகத்தில் நிபந்தனையோடு வந்த ஒரே வாசல் ஐரோப்பாவின் தீர்வைச் சலுகைத் திட்டமான ஜீஎஸ்பி பிளஸ். 2005 இல் கிடைத்தது, 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற பேச்சோடு. 2010 ஆகஸ்ட்டில் போயிற்று, 2017 மேயில் திரும்ப வந்தது. மனித உரிமை நிபந்தனையை நிறைவேற்றுவதை விடச் சலுகையை இழப்பது மேல் என்று அன்றைய அரசாங்கம் கணக்குப் போட்டது. போலந்துக்குக் காட்டப்பட்டது முழு வீடு, நமக்குக் காட்டப்பட்டது ஆடைக்குத் தீர்வைச் சலுகை. விலை சிறிதாக இருந்தால் நிபந்தனையின் பிடியும் சிறிதாகத்தான் இருக்கும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் ஊர்க்காரருக்கு இதுதான் முக்கியம். நாடுகளுக்கிடையில் நடப்பது நாட்டுக்குள்ளும் நடக்கும். இத்தாலி 1861 இல் ஒரே நாடாகியது. ஒரே சட்டம், ஒரே பாராளுமன்றம், தெற்குக்கென்று 1950 முதல் பல தசாப்தங்களுக்குத் தனி நிதியம். இன்றும் தெற்கின் தலா வருமானம் வடக்கில் பாதிக்குச் சற்று மேல்தான். போர் முடிந்தபின் நமக்கும் ஒருங்கிணைப்பு நடந்தது. சோதனைச் சாவடிகள் போயின, திருகோணமலை வீதியில் படகுப்பாதைகள் இருந்த இடத்தில் பாலங்கள் வந்தன, கல்லடியில் 2013 இல் புதுப் பாலம். நல்லதுதான், நானும் அந்தப் பாலத்தில்தான் போகிறேன். ஆனால் வீதி இருபக்கமும் ஓடும். அறுவடையன்று பொலநறுவைப் பக்கத்திலிருந்து லொறி வயலோரத்துக்கே வருகிறது, காயாத நெல்லைச் சொன்ன விலைக்கு ஏற்றிப் போகிறது. சில வாரத்தில் அதே நெல் பெயர் அச்சடித்த பையில் அரிசியாக நம் கடைக்குத் திரும்பி வருகிறது. கிழக்கு மாகாணத்தின் சனத்தொகை நாட்டில் ஏழு சதவீதத்துக்கு மேல், மொத்த உற்பத்தியில் பங்கோ ஐந்து, ஆறு சதவீதம்தான். மேல் மாகாணத்துக்கு ஐந்தில் இரண்டு பங்கு. போக்குவரத்துச் செலவு குறைந்தால் தொழில் ஏற்கனவே பெரிதாக உள்ள பக்கம் சாயக்கூடும் என்று போல் குருக்மன் 1991 இல் காட்டினார். காயப்போடத் தளமும் களஞ்சியமும் மில்லுக்குக் கடனும் இருக்கிற ஊருக்குத்தான் வீதி வரவு வைக்கும்.

ஒலுவிலையும் சொல்லாமல் விட முடியவில்லை. அம்பாறைக் கரையோரத்தில் டென்மார்க் கடனில் கட்டி 2013 இல் திறந்த துறைமுகம். உலகத்தோடு நேரே இணைவோம் என்றார்கள். வாயில் மணல் அடைத்தது, வணிகக் கப்பல் வரவில்லை, கடல் ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கரையைத் தின்கிறது. கரைவலைக்காரரிடம் கேட்டிருந்தால் மணல் எந்த மாதம் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லியிருப்பார்கள்.

இப்போது சிங்கப்பூர் ஒப்பந்தம் 2018 இலிருந்து இருக்கிறது, தாய்லாந்துடன் 2024 இல் கையெழுத்திட்டோம், ஆர்செப் என்ற ஆசிய பசிபிக் கூட்டமைப்புக்கு 2023 இல் விண்ணப்பித்திருக்கிறோம். நான் இவற்றுக்கு எதிரானவன் அல்ல, சேர வேண்டும் என்றே சொல்வேன். உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை: ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் சேர இலங்கை எந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும், திருத்தாவிட்டால் நட்டம் யாருக்கு, எவ்வளவு என்று ஒரு அட்டவணை போடுங்கள். 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு வந்த சர்வதேச நாணய நிதியத் திட்டத்தையும் அதில் சேருங்கள். மத்திய வங்கிக்குச் சுயாதீனம் தந்த 2023 ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நெருக்குதலில்தான் வந்தது. எந்தப் பிராந்தியச் சங்கமும் நம்மிடம் அவ்வளவு கேட்டதில்லை.

அந்தப் படுவான்கரை மனிதரைப் போன வருடம் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கண்டேன். மகன் கட்டாரில், காசு அனுப்புகிறான், வீடு கட்டி முடித்தாயிற்று என்றார். மில்லைப் பற்றி நான் கேட்டேன். "அது விட்டாச்சு தம்பி, இப்ப லொறிக்காரன் வயலுக்கே வாறானே" என்றார்.